இணைத் துணைப் பொருளாளரின் அறுபதாயிரம்

லிஃப்டுக்குள் யாரோ நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் லிஃப்ட்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பதினோரு மாடிக் கட்டடத்தின் இரண்டு லிஃப்டுகளுக்கும் அவர்தான் தாயும் தகப்பனும். கயிறு, மோட்டார், கதவு, உள்ளே இருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் அவர் பொறுப்பு. அந்தக் கண்ணாடியின் மேலேயே பசை தடவி ஒட்டியிருந்தார்கள். சுரண்டுவதற்குத் தகடு எடுத்துக்கொண்டு உள்ளே போனவர், சுரண்டுவதற்கு முன்னால் படித்துத் தொலைத்தார். சனி அங்கேதான் பிடித்தது.

"கடன் உங்களை அழுத்துகிறதா? தனியாக ஏன் தவிக்கிறீர்கள்? சேர்ந்து தவிப்போம்! ஒருவருக்கொருவர் தோள் கொடுப்போம்! டிசம்பர் முப்பத்தொன்று: ஒரே நாளில் அனைவருக்கும் விடுதலை! ஒரே நாள் கடன் விடுதலைச் சங்கம், ஏழாவது மாடி, செவ்வாய்தோறும் மாலை ஐந்தரை."

அவருக்குக் கடன் இருந்தது. வட்டிக்காரனிடம் வாங்கிய கடன் என்றால் கூசாமல் இருந்திருப்பார். இது கூடப் பிறந்த அக்காவிடம் வாங்கிய அறுபதாயிரம். வாங்கிய காரணத்தைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள் என்பதால் யாரிடமும் சொன்னதில்லை. நாம் சொல்லிவிடலாம்.

டாக்டர் அவரிடம், "உங்களுக்கு நடை போதாது, தினமும் அரை மணி நேரம் நடங்க" என்றார். பாதி ஆயுசை லிஃப்டிலேயே ஏறி இறங்கிக் கழித்த மனிதருக்குச் சொல்ல வேண்டிய புத்திதான். தெருவில் நடப்பதற்கு யாரும் காசு கேட்பதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒரு கடை வாசலில், நின்ற இடத்திலேயே நடக்கும் மெஷின் ஒன்று நெஞ்சுத் துடிப்பைப் பச்சை எழுத்தில் காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். மெஷின்மேல் அவருக்கு எப்போதும் ஒரு சபலம். அக்காவிடம் போய், "டாக்டர் சொல்லிட்டாருக்கா, உடனே வாங்கணுமாம்" என்றார். அக்கா பயந்துபோய், உயிருக்கு ஏதோ ஆபத்து என்று நினைத்து, டப்பாவிலிருந்த பணத்தை அப்படியே எடுத்துக் கொடுத்தாள். அவள் அப்படி நினைத்துவிட்டாள் என்பது இவருக்குத் தெரியும். இல்லை என்று திருத்தத்தான் வாய் வரவில்லை.

மூன்று நாள் நடந்தார். நான்காவது நாள் மனைவி அதன் கைப்பிடியில் ஈரத்துண்டைப் போட்டாள். அதிலிருந்து அந்த மெஷின் துணி காயப்போடும் வேலையைச் செவ்வனே செய்துவருகிறது.

அக்கா தையல்காரி. மருந்துக்கடையின் மாடிப்படிக்கு அடியில் ஒரு மெஷினைப் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி இருபது வருஷமாகத் தைக்கிறாள். நிமிர்ந்தால் படி இடிக்கும். எதிர்சாரியில் ஜன்னல் வைத்த ஒரு அறையை வாடகைக்குப் பிடிக்க முன்பணமாகச் சேர்த்ததுதான் அந்த அறுபதாயிரம். கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "வருஷக் கடைசிக்குள்ள குடுத்துடு தம்பி. அதுவரைக்கும் வேற யாருக்கும் விடமாட்டேன்னு ரூம்காரர் சொல்லியிருக்காரு."

நோட்டீஸிலும் அதே வருஷக் கடைசி. லிஃப்ட்காரருக்கு அது விதி கைதட்டிக் கூப்பிட்டது மாதிரி இருந்தது. நோட்டீஸைச் சுரண்டாமலேயே ஏழாவது பொத்தானை அழுத்தினார்.

ஏழாவது மாடியில் காலியாகக் கிடந்த கூடத்தில் சங்கத் தலைவர் உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது மாடி இன்சூரன்ஸ் ஆபீஸில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற சேதியை அவர் கால்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. இன்றும் காலை ஒன்பதே முக்காலுக்குக் கட்டடத்துக்குள் வந்துவிடுவார். பக்கத்தில் பொருளாளர். கீழ்த்தளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்.

சேருவதற்கு ஆறு படிவங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி. பிரதி எடுக்கப் பொருளாளர் கடைக்கே போகலாம், சங்கத்தாருக்குச் சலுகை உண்டு, சலுகை பெறத் தனிப் படிவம். போட்டோவில் லிஃப்ட்காரர் லேசாகச் சிரித்திருந்தார் என்று தலைவர் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"கடனாளி முகம் இப்படியா இருக்கும்? நாளைக்கு ஒருத்தன் பார்த்தா நம்ம சங்கத்தப் பத்தி என்ன நினைப்பான்?"

மறுபடி எடுத்த போட்டோவில் லிஃப்ட்காரர் நன்றாகவே கலங்கியிருந்தார், ஏனென்றால் அதற்குள் சேர்க்கைக் கட்டணம் ஐந்நூறு என்று சொல்லிவிட்டிருந்தார்கள். கையில் அவ்வளவு இல்லை. தலைவர் பெருந்தன்மையாகச் சிரித்தார். "கவலையே படாதீங்க. கட்டணத்துக்குச் சங்கமே கடன் குடுக்கும்." கடன் தீர்க்கும் சங்கத்தில் கடன் வாங்கிச் சேர்ந்த முதல் ஆள் தானோ என்று லிஃப்ட்காரருக்கு வெட்கமாக இருந்தது. பதினெட்டாவது ஆள் என்று பதிவேடு சொன்னது.

செவ்வாய்க்கிழமைக் கூட்டம் எழுந்து நிற்பதில் தொடங்கும். ஒவ்வொருவராக, "நான் கடனாளி. ஆனால் நான் தனியாள் அல்ல" என்று சொல்ல வேண்டும். சொன்னதும் எல்லாரும் மூன்று முறை கைதட்டுவார்கள். யாராவது நூறு ரூபாய் கடனை அடைத்தேன் என்றால் மூன்று தட்டு. அடைக்க முடியவில்லை என்றாலும் மூன்று தட்டு, அது ஆறுதலுக்கு. தண்ணீர்ப் பாட்டில் காலி என்று ஒருவர் சொன்னபோதும் பழக்க தோஷத்தில் மூன்று தட்டினார்கள். லிஃப்ட்காரருக்கு முதல் வாரம் இதெல்லாம் கோமாளித்தனமாகத் தெரிந்தது. மூன்றாவது வாரம் தன்னுடைய முறை எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தார். பத்தொன்பது வருஷமாக லிஃப்டை ஓட வைக்கிறார். ஒருநாள் ஒருவர் கைதட்டியதில்லை. நின்றால்தான் கூப்பிடுவார்கள்.

ஒவ்வொரு உறுப்பினருக்கும் இன்னொரு உறுப்பினரைத் 'தோள்' என்று நியமித்தார்கள். நூறுக்கு மேல் எந்தச் செலவு செய்வதானாலும் தோளிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். லிஃப்ட்காரருக்கு வாய்த்த தோள், மூன்றாவது மாடிப் பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பாளர் அம்மா. நல்ல மனுஷி. ஆனால் வாழ்நாளெல்லாம் நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுத்தே பழகிப்போனவர்.

லிஃப்ட்காரரின் செருப்பு அறுந்தது. புதிது வாங்க விண்ணப்பித்தார்.

"அடுத்த வியாழக்கிழமை பதினொன்றரைக்கு வாங்க, பார்க்கலாம்" என்றார் வரவேற்பாளர் அம்மா.

"அதுவரைக்கும் எதைப் போட்டுக்கிறது?"

"வலி ரொம்ப இருந்தா நடுவுல ஒரு போன் பண்ணுங்க."

வியாழக்கிழமை அவர் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பழைய செருப்பின் இரண்டு கோணப் போட்டோக்கள் வேண்டும் என்றார். ஒன்பதாவது நாள் அனுமதி வந்தது. அதற்குள் லிஃப்ட்காரர் மிச்சம் கிடந்த மெல்லிய லிஃப்ட் கம்பியால் வாரை முடிந்துகொண்டு, அது போதும் என்ற ஞானத்துக்கு வந்திருந்தார். எட்டுப் பேர் சுமையைத் தாங்கும் கம்பி, ஒரு ஆளைத் தாங்காதா?

இப்படியாக ஒரு விபரீதம் நடந்தது. படிவம் நிரப்பச் சோம்பிக்கொண்டே லிஃப்ட்காரர் எதையும் வாங்காமல் விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு கட்டடங்களின் லிஃப்டுகளையும் பழுது பார்த்தார். ஆகஸ்ட் மாதக் கடைசியில் அலமாரியில் இருந்ததை எண்ணிப் பார்த்தால், சரியாக அறுபதாயிரம். மனைவி மறுபடி எண்ணினாள். அப்போதும் அறுபதாயிரம்.

"அக்கா வீடு ரெண்டு ஸ்டாப் தள்ளித்தானே இருக்கு? இப்பவே போய்க் குடுத்துட்டு வந்துடுங்க" என்றாள் மனைவி.

"இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. சங்கத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்."

அந்த ஒரு வார்த்தையின் விலை எவ்வளவு என்று அவருக்கு அப்போது தெரியாது. உள்ளதைச் சொன்னால், அவர் போனது கைதட்டலுக்காக. நூறு அடைத்தவனுக்கே மூன்று தட்டு என்றால் அறுபதாயிரத்துக்கு எத்தனை தட்டுவார்கள் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டுதான் போனார்.

அவர் எழுந்து சொன்னதும் கூடத்தில் ஒரு கைகூட அசையவில்லை. தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்பார்ந்த சக கடனாளிகளே! நம்ம சங்கத்தோட பேர் என்ன? ஒரே நாள்! அவரவர் நாள் இல்ல, ஒரே நாள்! விதி எண் பதினாலு தெளிவா சொல்லுது: குறித்த நாளுக்கு முன்னால யாரும் முழுசா கடன் அடைக்கக் கூடாது. ஒருத்தர் முந்திப் போனா மிச்சப் பேர் பிந்திப் போன மாதிரி ஆயிடாதா? அவங்க மனசு என்ன பாடுபடும்? இவர் கடனை அடைக்கலாம். ஆனா நம்ம ஒற்றுமைக்கு இவர் பட்ட கடனை எப்படி அடைப்பார்?"

லிஃப்ட்காரருக்குக் கண்கள் கலங்கிவிட்டன. தான் இவ்வளவு சுயநலக்காரன் என்று அவருக்கு அதுவரை தெரியாது. மன்னிப்புக் கேட்டார். அதற்கு மூன்று தட்டு விழுந்தது.

தலைவர் மனம் இரங்கினார். இவ்வளவு சேமிக்கத் தெரிந்தவரைச் சும்மா விடக்கூடாது, சங்கத்தின் இணைத் துணைப் பொருளாளராக நியமிக்கிறோம் என்றார். சிவப்பு வில்லை ஒன்றை அவர் சட்டையில் குத்தினார்கள். டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி விழாவில், கடன் கொடுத்தவர்களை மேடைக்கு அழைத்து, எல்லார் முன்னாலும் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் முதல் கௌரவம் இவருக்கே. அதுவரை பணம் சங்கத்தின் இரும்பு அலமாரியில் இருக்கும். சாவி பொருளாளரிடம் இருக்கும்.

இணைத் துணைப் பொருளாளர் என்றால் என்ன வேலை என்று அவர் கேட்டார். வாரா வாரம் பொருளாளர் கொண்டுவரும் சீட்டுகளில் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் என்றார்கள். லிஃப்ட்காரர் கயிற்றைக் கையால் தடவிப் பார்க்காமல் பராமரிப்பு அட்டையில் ஒருநாளும் கையெழுத்துப் போட்டவர் இல்லை. பெரிய இன்ஜினியரே வந்து போடச் சொன்னாலும், "நான் பார்க்கல, போடமாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். ஆனால் அது லிஃப்ட். இது பதவி. பொருளாளர் பேனா மூடியைக் கழற்றி, "இணைத் துணைப் பொருளாளர் சார், இங்கே" என்று பணிவாகக் காட்டும்போது சீட்டை எடுத்துப் படிப்பது மரியாதையாக அவருக்குத் தோன்றவில்லை. விதிப் புத்தகத்தின் ஒவ்வொரு பிரதியிலும் கையெழுத்துப் போட்டார். அதையும் படிக்கவில்லை.

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா பணத்தை அக்காகிட்ட குடுக்க மேடை எதுக்கு? மைக் எதுக்கு?"

"உனக்கு நிர்வாகம் புரியாது" என்றார் அவர், வில்லையைத் துடைத்தபடி.

அக்டோபரில் அக்காவே தேடி வந்தாள். லிஃப்ட் குழியில் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தவரை மேலேயிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"பணம் சேர்ந்துடுச்சுன்னு உன் பொண்டாட்டி சொன்னாளே, நிஜமா?"

"ஆமாக்கா. முழுசா."

"எங்க?"

"சங்கத்துல."

"அப்போ இல்லைன்னு சொல்லு."

"என்னக்கா நீ! இரும்பு அலமாரியில பூட்டி வச்சிருக்கோம். விழாவுல உன்னை மேடைக்குக் கூப்பிட்டு, எல்லாரும் எழுந்து நின்னு..."

"எனக்கு எதுக்குடா எழுந்து நிக்கணும்? எனக்கு உக்காந்து தைக்க இடம் வேணும்" என்றாள் அக்கா. குழிக்குள் இருந்தவருக்கு அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அன்றே அலமாரியை உடைத்திருப்பார் என்று பிற்பாடு மனைவியிடம் சொன்னார். மனைவி நம்பவில்லை. நாமும் நம்ப வேண்டியதில்லை. ஏனென்றால் அன்று சாயங்காலம் அவர் லிஃப்டை எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவில் நிறுத்தி வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த கண்ணாடியைப் பார்த்து விழாவில் பேச வேண்டிய ஏற்புரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த எளியவனுக்கு" என்று ஆரம்பிக்கும்போது குரல் தழுதழுக்க வேண்டும். நாலாவது தடவை சரியாகத் தழுதழுத்தது.

நவம்பரில் சங்கம் ஒரு கண்காட்சி வைத்தது. எதற்காகக் கடன் வாங்கினோமோ அந்தப் பொருளையே கொண்டுவந்து வைத்தால் எல்லாருக்கும் புத்தி வரும் என்பது தலைவரின் திட்டம். சுவர் அகல டி.வி., முதுகு பிடித்துவிடும் நாற்காலி, மீன் இல்லாத மீன்தொட்டி எல்லாம் ஏழாவது மாடிக்கு வந்தன. லிஃப்ட்காரரின் நடை மெஷின் நடுநாயகமாக நின்றது; மனைவி காயப்போட்டிருந்த பனியனை எடுக்க மறந்துவிட்டார்கள். தலையில் முடி நடக் கடன் வாங்கிய ஒரு உறுப்பினர் என்ன செய்வார் பாவம், அவரே வந்து இரண்டு நாள் மேஜைமேல் உட்கார்ந்திருந்தார். தொட்டுப் பார்க்க வேண்டாம் என்று அவர் கழுத்தில் அட்டை தொங்கியது. லிஃப்ட்காரர் உட்பட எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள்.

டிசம்பர் முப்பத்தொன்று வந்தது. மதியம் மூன்று மணிக்கு விழா. கூடத்தின் முகப்பில் "கடன் அன்பை முறிக்கும்" என்று ஆள் உயரப் பேனர். முன்வரிசையில் கடன் கொடுத்தவர்களுக்குத் தனி நாற்காலிகள். ஆறு பேர் வந்திருந்தார்கள். அக்கா ஓரமாக, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஐந்து மணிக்குள் பணத்தோடு வருவதாக அறைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பின்வரிசையில் மனைவி. லிஃப்ட்காரர் இஸ்திரி போட்ட சட்டையில், வில்லையோடு மேடையில் இருந்தார். ஏற்புரை பையில் இருந்தது.

தலைவர் பேச எழுந்தார்.

"அன்பார்ந்த சக கடனாளிகளே! போன ஜனவரியில இந்தச் சங்கத்த ஆரம்பிச்சப்ப நான் இருபதாயிரம் கடன்ல முழுகிக்கிட்டிருந்தேன். இன்னைக்கு உங்க முன்னாடி தைரியமா சொல்றேன், எனக்கு ஒரு காசு கடன் இல்ல! செப்டம்பர்லயிருந்து சங்கம் எனக்கு மதிப்பூதியம் குடுத்தது. சில பேர் கேக்கலாம், தலைவருக்கு எதுக்கு மதிப்பூதியம்னு. நான் கேக்கறேன், தலைவனே கடன்காரனா இருந்தா உறுப்பினருக்கு எங்கயிருந்து நம்பிக்கை வரும்? உங்க நம்பிக்கைக்காகத்தான் நான் அதை வாங்கிக்கிட்டேன். மனசில்லாமதான் வாங்கினேன்."

மூன்று தட்டு. லிஃப்ட்காரரும் தட்டினார்.

பொருளாளர் வரவு செலவு வாசித்தார். "வரவு, இணைத் துணைப் பொருளாளர் அவர்கள் ஒப்படைத்த தொகை, அறுபதாயிரம். செலவு, தலைவர் மதிப்பூதியம் இருபதாயிரம். படிவங்கள் நகல் எடுத்த வகையில் பதினாலாயிரம். கேடயங்கள் இருபத்துமூன்றுக்குப் பதினோராயிரத்து ஐந்நூறு. கண்காட்சி ஆறாயிரம். பேனர், நாற்காலி, மைக் எட்டாயிரத்து நூற்று அறுபது. மீதி முந்நூற்று நாற்பது. எல்லாச் சீட்டிலும் இணைத் துணைப் பொருளாளர் அவர்களின் கையெழுத்து இருக்கு. ஒரு சீட்டுகூட அவர் தாமதம் பண்ணினதில்ல. அவருக்குச் சங்கத்தின் சார்பா நன்றி."

மூன்று தட்டு. இந்தத் தடவையும் லிஃப்ட்காரரின் கைகள் பழக்கத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டன. மூன்றாவதுக்குத்தான் நின்றன.

"என் பணம்" என்றார். தழுதழுக்க வைக்க ஒத்திகை தேவைப்படவில்லை. "அது எங்க அக்கா பணம். இன்னைக்கு அவங்களுக்குக் குடுக்கணும்."

"யார் இல்லைன்னா? அதானே பரஸ்பர ஆதரவு! உங்க பணம் இருபத்துமூணு பேருக்குத் தோள் குடுத்திருக்கு" என்றார் தலைவர்.

"ஆகஸ்ட்லயே குடுத்திருப்பேன் சார். நீங்கதான் விதி பதினாலுன்னு..."

தலைவர் அவரைப் பரிவோடு பார்த்தார். "அது சாதாரண உறுப்பினருக்கு. பதினாலு 'ஆ' பிரிவு என்ன சொல்லுது? நிர்வாகிகள் எப்போ வேணாலும் அடைச்சுக்கலாம். நானே அதுபடிதானே அடைச்சேன்? நீங்க செப்டம்பர்லயிருந்து நிர்வாகி. நாலு மாசமா நீங்க கேக்கவே இல்லையே, எவ்வளவு பெரிய மனசுன்னு நாங்க பேசிக்குவோம். விதிப் புத்தகம் ஒவ்வொண்ணுலயும் கையெழுத்துப் போட்டீங்களே, படிக்கலையா?"

லிஃப்ட்காரர் சட்டையிலிருந்த வில்லையைத் தொட்டுப் பார்த்தார். அவமானத்தில் காது மடல் எரிந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்தலாம் என்றால், யார் கையெழுத்து அது? அறுந்த கயிற்றை அவரே கட்டி, அவரே அட்டையில் சரி என்று எழுதி, அவரே அக்காவை உள்ளே ஏற்றியிருக்கிறார்.

அதற்குள் தலைவர் அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டார். இருபத்துமூன்று பேரில் பத்தொன்பது பேர் இன்னும் கடனிலிருந்து மீளாத காரணத்தால், ஒற்றுமையை முன்னிட்டு, விடுதலை நாள் அடுத்த டிசம்பர் முப்பத்தொன்றுக்கு ஒத்திவைக்கப்படுகிறது, ஆதரிப்பவர்கள் கைதட்டலாம். மூன்று தட்டு. ஏகமனதாக நிறைவேறியது. உறுப்பினர்களுக்குக் கேடயம் வழங்கினார்கள். அதில் "மனத்தளவில் கடனற்றவர்" என்று பொறித்திருந்தது. முதல் கேடயத்தை, மீதி முந்நூற்று நாற்பது வைத்த உறையோடு, லிஃப்ட்காரர் கையில் திணித்தார்கள்.

முன்வரிசையில் ஓர நாற்காலி காலியாக இருந்தது.

அவர் ஓடினார். லிஃப்ட் ஒன்பதாவது மாடியில் நின்றுகொண்டிருந்தது, காத்திருக்கப் பொறுமையில்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கட்டடத்தின் மாடிப்படிகளில் இறங்கினார். இவ்வளவு படிகள் இருக்கின்றன என்பதே அவருக்குப் புதுச் செய்தி. நாலாவது மாடியில் மூச்சு வாங்கியது. டாக்டர் சொன்ன நடை இதுதான் போலிருக்கிறது என்று அந்த நிலைமையிலும் புத்தி எங்கேயோ போனது. கீழ்த்தளத்தில் கடைசிப் படிக்கட்டில் அக்கா உட்கார்ந்திருந்தாள். போனில் பேசி முடித்திருந்தாள்.

"பணம் இல்லைன்னு சொன்னதும் ரூமைப் போன் கவர் விக்கிறவருக்கு விட்டுட்டாராம்" என்றாள். அழவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அக்கா, நான் ஒரு மடையன்."

"அது எனக்குத் தெரியும். வேற ஏதாவது சொல்லு."

லிஃப்ட்காரர் அவளுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் நடக்கத்தான் சொன்னார், மெஷின் வாங்கச் சொல்லவில்லை என்பதையும் சொன்னார். கைதட்டலுக்கு ஆசைப்பட்டதையும், லிஃப்டை நிறுத்திவைத்து ஒத்திகை பார்த்ததையும் சொன்னார். ஏற்புரைக் காகிதத்தைக்கூட எடுத்துக் காட்டினார். அக்கா அதை வாங்கி முதல் வரியைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"அந்த மெஷின் மேலதானே நிக்குது? யாரோடது அது?"

"நம்மளோடதுதான்."

"அப்புறம் என்ன இங்க உக்காந்திருக்க?"

அவர் லிஃப்டை வரவழைத்து மேலே போனார். மனைவி ஒரு பக்கம் பிடிக்க, வரவேற்பாளர் அம்மா எந்த நேரமும் குறிக்காமல் உடனே வந்து மறுபக்கம் பிடித்தார். காட்சிப் பொருளை எடுக்க மூன்று பிரதியில் விண்ணப்பம் வேண்டும் என்று தலைவர் குறுக்கே வந்து நின்றார். லிஃப்ட்காரர் தன் சட்டையிலிருந்த வில்லையைக் கழற்றி அவர் கையில் வைத்தார். மெஷினோடு இறங்கியதும், தன் பையில் எப்போதும் இருக்கும் "பழுது, படியைப் பயன்படுத்தவும்" என்ற பலகைகளை இரண்டு லிஃப்டிலும் மாட்டினார். பழுதைப் பார்த்து, தொட்டு, உறுதி செய்யாமல் அவர் அந்தப் பலகையை மாட்டியது வாழ்நாளில் அந்த ஒருமுறைதான். சற்று நேரத்தில் மிச்சச் சங்கத்தார் எல்லாரும் கேடயத்தைச் சுமந்துகொண்டு ஏழு மாடி இறங்கும் சத்தம் கேட்டது.

"பழசு வாங்கற கடையில பதினெட்டு, இருபது தருவான்" என்றார் அக்காவிடம். "மிச்சம்..."

"கையில இப்போ எவ்வளவு இருக்கு?"

"முந்நூற்று நாப்பது. ஆனா நூறுக்கு மேல செலவு பண்ணணும்னா தோள்கிட்ட..." என்று வாய் தானாக ஆரம்பித்துவிட்டது. மனைவி முறைத்தாள். உறையை எடுத்து அக்காவிடம் கொடுத்தார்.

அக்கா அதைப் பிரித்து எண்ணினாள். கைப்பையிலிருந்து அளவு எழுதும் நோட்டை எடுத்தாள். யாருடைய இடுப்பளவுக்கோ, யாருடைய கைநீளத்துக்கோ கீழே முந்நூற்று நாற்பது என்று எழுதித் தேதி போட்டாள். "சனிக்கிழமை சனிக்கிழமை கொண்டாந்து குடு. கூட்டம் வேண்டாம், படிவம் வேண்டாம். நடந்தே வா. டாக்டரும் அதைத்தானே சொன்னாரு?"

"சரிக்கா."

கேடயத்தை என்ன செய்வது என்று கேட்டார். அக்கா அதை வாங்கி எடை பார்த்தாள். துணி வெட்டும்போது நகராமல் இருக்க மேலே வைக்கலாம் என்று பையில் போட்டுக்கொண்டாள்.

எல்லாம் முடிந்தது. ஆனாலும் லிஃப்ட்காரர் நகராமல் நின்றார்.

"இன்னும் என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா." அவருக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. "சங்கத்துல பணம் கட்டினா மூணு தடவை கைதட்டுவாங்க."

அக்கா எழுந்து, மேலே இடிக்கப் படி எதுவும் இல்லாவிட்டாலும் பழக்கத்தில் தலையைக் குனிந்து வெளியே வந்தாள்.

"கடைசித் தவணைக்குத் தட்டறேன்" என்றாள். "அதுவரைக்கும் இந்தக் கைக்குத் தையல் வேலை இருக்கு."